வந்தவர் கொடுத்த வெள்ளி எந்த ஊரில் தங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

சிற்றூர்களையும் தோட்டப்புறங்களையும் சுற்றுலா வாழவைக்குமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்து இம்மாதம் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கு மிகுந்த இடம் கொடுத்திருக்கிறேன். மற்ற நான்கிலும் உள்ள சிக்கலின் வேர் அந்த ஒரு குடும்பத்தின் தோட்டத்திலேயே தெரிகிறது என்பதுதான் காரணம். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாலிக் புலாவ் மலைச்சரிவில் என் மாமனார் விட்டுச்சென்ற நாலு ஏக்கர் தோட்டம் எங்களுக்கு இருக்கிறது. டுரியான், ஜாதிக்காய், கொஞ்சம் கிராம்பு. என் கணவருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் ஜோர்ஜ்டவுனிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். மேல்சரிவைச் சமப்படுத்திப் பன்னிரண்டு மரக்குடில்களும் கூடாரம் போடத் தளமும் அமைத்துத் தருவதாகவும், வருமானத்தில் முப்பது விழுக்காடு எங்களுக்கு என்றும் ஒருவர் வந்து கேட்கிறார். அண்ணி முதல் எல்லாரும் சம்மதிக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– பாலிக் புலாவிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் மனம் ஒப்பாததற்கு வலுவான காரணங்கள் உண்டு. அவற்றை எழுதுகிறேன். அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் நீங்கள் இதை அப்படியே படித்துக் காட்டலாம்.

முதலில் அந்தச் சரிவு. பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு, மேற்பட்ட நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலத்தையும் மலைநிலம் என்று மாநிலத்தின் அமைப்புத் திட்டம் வகுத்திருக்கிறது. அங்கே கட்டுமானத்துக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. உங்கள் மேல்சரிவு அந்த வரம்புக்குள் வருகிறதா என்பதை, வந்தவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், நில அலுவலகத்திலும் மாநகர் மன்றத்திலும் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். விவசாய நிலம் என்று பட்டாவில் எழுதியிருந்தால், அதில் விடுதி நடத்துவதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டியிருக்கும். 2022 டிசம்பர் 16 அன்று விடியற்காலையில் பத்தாங் காலியில் ஒரு பண்ணையிலிருந்த கூடார முகாமின் மீது மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர், சிறு பிள்ளைகள் உட்பட, உயிரிழந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இடத்தில் பயிர் செய்ய அனுமதி இருந்தது. முகாம் நடத்த உரிமம் இல்லை. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்த குடும்பங்கள் அவை. உங்கள் தோட்டத்துக்கு வரப்போகிறவர்களும் அத்தகைய குடும்பங்களாகத்தான் இருப்பார்கள். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கில் ஓரிரவில் கொட்டித் தீர்த்த மழையை நீங்கள் அந்தச் சரிவுக்குக் கீழேயிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை உங்கள் மாமனார் வைத்த மரங்களின் வேர்கள்.

அடுத்தது அந்த முப்பது விழுக்காடு. எதில் முப்பது என்று கேட்டீர்களா? ஒரு கணக்குக்காக, குடில் ஒன்றுக்கு ஓரிரவு வாடகை 300 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு செய்து தரும் இணையத்தளம் தன் கமிஷனை முதலில் எடுத்துக்கொள்ளும். படுக்கை விரிப்புகள் பட்டணத்துச் சலவைக்குப் போகும். பசியாறலுக்கான ரொட்டியும் முட்டையும் பேரங்காடியிலிருந்து வரும். குடில்கள் கட்டிய கடனுக்கு வட்டி வங்கிக்குச் சேரும். வேலையாட்களை அவர் எங்கிருந்து கொண்டுவருவார் என்பதும் தெரியாது. இவையெல்லாம் கழிந்த மிச்சத்தில்தான் உங்கள் முப்பது விழுக்காடு என்றால், 300 வெள்ளியில் உங்கள் கைக்கு இருபது வரலாம்; ஆள் வராத மாதத்தில் ஒன்றுமே வராமலும் போகலாம். ஆனால் சரிந்து விழும் மண் மட்டும் முழுக்க உங்களுடையதாக இருக்கும்.

பொருளியலில் இதற்குக் கசிவு என்று பெயர். ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்போல, ஊருக்குள் வந்த பணம் ஊரில் நிற்காமல் வடிந்துவிடுவது. இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று அறிக்கைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வருகிறது. வந்தவர் கொடுத்த வெள்ளியில் எவ்வளவு அன்றிரவு அந்த ஊரிலேயே தங்கியது என்பதுதான் ஓர் ஊர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சாலையோரத்தில் லக்சா விற்கும் பெண்ணுக்குக் கொடுத்த பத்து வெள்ளி, பக்கத்து மீனவரிடமும் தேங்காய்க்காரரிடமும் புளி விற்பவரிடமும் போய், மறுபடி அந்த வட்டாரத்திலேயே சுற்றும். கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குப் போன நூறு வெள்ளி அப்படிச் சுற்றாது.

மூன்றாவது காரணத்தை உங்கள் ஜாதிமரங்களே சொல்லும். கிழக்கிந்தியக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக் கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது பெரும் பணப்பயிராக வளர்ந்தது. 1860 வாக்கில் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் நிலைகுலைந்தார்கள். சுற்றுலாவையும் ஒரு பணப்பயிராகவே எண்ணிப் பாருங்கள். 2019-இல் மலேசியாவுக்கு வெளிநாட்டிலிருந்து 2 கோடியே 61 இலட்சம் பேர் வந்தார்கள். 2020-இல் வந்தவர்கள் சுமார் 43 இலட்சம்தான். எல்லைகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டிலும் உங்கள் டுரியான் மரம் காய்த்திருக்கும். அதை வெட்டிவிட்டுக் குடில் போட்டவருக்கு அந்த ஆண்டு என்ன மிஞ்சியிருக்கும்?

இத்தனையும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள் என்று முடிக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் உங்கள் வருமானக் கவலை உண்மையானது. சில ஆண்டுகளுக்கு முன் பாலிக் புலாவில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு மூதாட்டி, வெடித்த ஜாதிக்காயைக் கையாலேயே இரண்டாகப் பிளந்து, கொட்டையைச் சுற்றி வலைபோலப் படர்ந்திருந்த செக்கச்சிவந்த பத்திரியைக் கிழியாமல் உரித்து முறத்தில் பரப்பினார். வெயில் ஏற ஏற அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பு மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. முன்பே காய்ந்திருந்த ஒரு கொட்டையை எடுத்து என் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பருப்பு கலகலவென்று ஆடியது. "இந்தச் சத்தம் வந்தால்தான் உடைக்கலாம்" என்றார். சதையைச் சீவி ஊறுகாய்க்கும், சர்க்கரையிட்டு உலர்த்துவதற்கும், சாறு எடுப்பதற்கும் பிரித்து வைத்தார். என்னுடன் வந்திருந்த, பட்டணத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் இருவரும் கைப்பேசியை மறந்துவிட்டு அந்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரை நாளுக்கு அவர்கள் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்திருப்பார்கள். ஆனால் கேட்கத்தான் அங்கே யாரும் இல்லை.

உங்களிடம் விற்பதற்கு இருப்பது அந்த அரை நாள்தான். வாரத்தில் இரண்டு நாள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மிகாமல் வரவழையுங்கள். ஜாதிக்காய் காட்டுங்கள், சாறு கொடுங்கள், ஊறுகாயும் காய்ந்த பத்திரியும் விற்பனைக்கு வையுங்கள். மதியச் சாப்பாட்டை நீங்களே சமைக்காமல் அக்கம்பக்கத்து மலாய்க்காரர், ஹக்கா சீனர் வீடுகளோடு பேசி முறைவைத்துச் செய்யுங்கள். அண்டை வீட்டாருக்கும் பங்கிருந்தால்தான், வண்டிகள் வந்து நிற்பது அவர்களுக்குத் தொல்லையாகத் தோன்றாது. முன்பதிவைச் சிங்கப்பூரிலிருக்கும் பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். டுரியான் காலத்தில் ஆட்கள் தாமாகவே வருவார்கள். அப்போது விலையைப் பலகையில் எழுதி வைத்து நேர்மையாக நிறுத்து விற்றாலே அடுத்த ஆண்டும் அவர்கள் உங்களையே தேடி வருவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் வௌவால்களால் மகரந்தச் சேர்க்கை பெறுவது. பழக்கடையில் நிற்கும் பலருக்கும் இது தெரியாது. இரவெல்லாம் விளக்கும் பாட்டுச் சத்தமுமாக உங்கள் மேல்சரிவு மாறினால், அந்த வௌவால்களின் வரத்து குறையவும், காய்ப்பு குறையவும் வாய்ப்புண்டு. பகல் விருந்தாளிகள் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மனிதரிடம் கோபமாகப் பேச வேண்டாம். அவர் தொழில் செய்ய வந்தவர். கீழ்ப்பகுதியில், சமநிலத்தில், மரம் வெட்டாமல், உரிமத்தோடு, மொத்த வசூலில் பங்கு என்று எழுத்தில் தர முடியுமா என்று கேளுங்கள். கையெழுத்திடுமுன் உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் அழைத்துவரும் வழக்கறிஞர் வேண்டாம்.

கேள்வி: என் தம்பி கோலசிலாங்கூரில் மின்மினி பார்க்க வருபவர்களுக்குத் துடுப்புப் படகு தள்ளுகிறான். ஒரு படகில் நாலைந்து பேரைத்தான் ஏற்ற முடிகிறது. பெரிய மோட்டார் படகு விட்டால் கூட்டமும் வருமானமும் பெருகாதா? மின்மினியும் அந்தக் காலத்தைப்போல் இல்லை என்கிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஐயா, உங்கள் தம்பி கண்ணால் கண்டதைச் சொல்கிறார். அவர் சொல்லை ஆய்வாளர்களின் சொல்லுக்கு நிகராக நான் மதிக்கிறேன்.

கம்போங் குவாந்தான் பக்கம் சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்களில் ஒன்றுபோல் விட்டுவிட்டு ஒளிரும் அந்தப் பூச்சிகளை நாம் மரத்தில் மட்டுமே பார்க்கிறோம். அவற்றின் வாழ்நாளில் பெரும்பகுதி மரத்தில் கழிவதில்லை. கரைக்குப் பின்னாலுள்ள ஈர மண்ணில் முட்டையிலிருந்து வெளிவரும் புழு, நிப்பா, சாகோ பனைகள் அடர்ந்த நிழலில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்து சிறகு முளைத்த பிறகுதான் மரத்துக்கு வந்து துணை தேடி ஒளிர்கிறது. ஆகவே ஆற்றோரம் ஒரு வரிசை பெரெம்பாங் மரங்களை விட்டுவைத்து, அதற்குப் பின்னால் நிப்பாவை வெட்டிச் செம்பனை நட்டால், படகிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் மாறாததுபோலத்தான் தோன்றும். சில ஆண்டுகள் கழித்து மரம் இருக்கும், ஒளி இருக்காது. கரையோரத்து விளக்குகளும், ஆற்றில் மேலிருந்து வரும் நன்னீரின் அளவு மாறுவதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதைக் கோலாலம்பூரில் குழாயைத் திறக்கும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மின்மினிகளைக் காக்கும் பொறுப்பை அந்தக் கம்பத்து மக்கள் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது.

மோட்டார் படகின் அலை கரைமண்ணை அரிக்கும். அதன் ஒலியும் புகையும் கெடுதி. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. துடுப்புப் படகில் நாலைந்து பேருக்கு ஒரு படகோட்டி பிழைக்கிறார். நாற்பது பேர் ஏறும் படகுக்கு ஒரே ஓட்டுநர் போதும். மற்ற படகோட்டிகள் வேறு வேலை தேடிப் போக வேண்டியதுதான். கூட்டம் பெருகி, ஊரில் சம்பாதிப்பவர் எண்ணிக்கை குறைந்தால், அதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? வருமானம் உயர வேண்டுமானால் படகுக் கட்டணத்தை உயர்த்துவதும், நிலவில்லாத இரவுகளுக்கு முன்பதிவு வைப்பதும், ஏறுமுன் பத்து நிமிடம் மேலே நான் எழுதியதை விளக்கிச் சொல்வதும் நல்ல வழிகள். விளக்கம் கேட்டவர் கேமராவின் வெளிச்சத்தைத் தாமே அணைத்துவிடுவார்.

கூட்டம் எதைச் செய்யும் என்பதற்குத் திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையைப் பாருங்கள். தோல் போர்த்த முதுகுடைய பேராமைகள் 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அளவுக்கு முட்டையிட்ட இடம் அது. முட்டைகளை எடுத்து விற்றதும் மீன்பிடி வலைகளும் முக்கியக் காரணங்கள். ஆனால் முட்டையிடும் ஆமையைச் சுற்றிக் கைவிளக்கும் கூச்சலுமாகக் கூட்டம் நின்ற காலமும் அந்தக் கதையில் உண்டு. இந்த நூற்றாண்டில் அவை அங்கே ஏறக்குறைய வருவதே இல்லை. அந்த ஆமைகளை நம்பிக் கட்டிய விடுதிகளுக்கும் வேலை போய்விட்டது.

கேள்வி: வாடகைக்கு விடும் எல்லா வீட்டு வாசலிலும் 'ஹோம்ஸ்டே' என்று எழுதியிருக்கிறார்களே, அரசாங்கம் சொல்லும் ஹோம்ஸ்டே இதுதானா?
– செராஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இல்லை. சுற்றுலா அமைச்சின் ஹோம்ஸ்டே திட்டம் 1995-இல் பகாங்கின் தெமெர்லோ வட்டாரத்திலுள்ள டேசா முர்னியில் தொடங்கியது. அதில் விருந்தாளி, வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் வேலையில் கைகொடுத்து இருந்துவிட்டு வருவார். அமைச்சில் பதிவு செய்தவர்களே அதை நடத்தலாம். சாவியைப் பூச்சட்டிக்கு அடியில் வைத்துவிட்டு முழு வீட்டையும் வாடகைக்கு விடுவது வேறு தொழில். அது தவறில்லை. ஆனால் ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்குவதால், உண்மையிலேயே தங்கள் சமையலறையைத் திறந்துவிடும் கிராமத்துப் பெண்களின் உழைப்பு கண்ணில் படாமல் போகிறது.

கேள்வி: நாங்கள் செபராங் பிறையின் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தில் இப்போது சில குடும்பங்களே இருக்கின்றன. தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒரு வரிசையும், கோயிலும், மூடிய ரப்பர்ப் பால் கொட்டகையும் மிச்சம். இவற்றை வைத்துத் தோட்ட வாழ்க்கையைக் காட்டும் சுற்றுலா இடமாக்கலாம் என்று இளைஞர்கள் சிலர் எண்ணுகிறோம். எங்கே தொடங்குவது?
– நிபோங் திபாலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த எண்ணம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். இப்போதாவது எழுந்ததே என்று மகிழ்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் நிலம். லயமும் கொட்டகையும் நிற்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கின் இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறந்த பிறகு பத்து கவான் பக்கத்து நிலத்தின் மதிப்பு என்னவாயிற்று என்பதை நீங்கள் என்னைவிட அறிவீர்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், நம் முன்னோர் கடாரம் என்று பாடிய அந்த மண்ணில், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட, சண்டி எனப்படும் பழங்கோயில் ஒன்றின் அடித்தளத்தை 2013-இல் வீடமைப்புக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வெளியே தெரிந்து நாடே கொதித்தபோது அது ஏற்கெனவே மண்ணோடு மண்ணாகியிருந்தது. அத்தனை பழமைக்கே அந்த நிலை என்றால், லயத்துக்குத் தானாக யாரும் பாதுகாப்பு தரமாட்டார்கள். நில உரிமையாளரிடம் எழுத்துமூலம் ஓர் உடன்பாடு, குறைந்தது கோயிலும் கொட்டகையும் சேர்ந்த பகுதிக்கு, முதலில் வாங்குங்கள்.

அதே நேரத்தில் செய்யக்கூடிய, காசு செலவில்லாத ஒரு வேலை உண்டு. எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டது, கிராணியார் கணக்கு எழுதியது, நிரையில் எத்தனை மரம், மழை பெய்தால் கூலி போனது, மங்கில் பால் நிரம்பும்வரை எங்கே உட்கார்ந்து பசியாறினார்கள், ஒட்டுப்பாலின் வாடை சேலையிலிருந்து எத்தனை நாள் போகாது என்றெல்லாம் கேளுங்கள். மங்கும் உளியும் வாளியும் காண்டாக் கம்பும் அடுக்கி வைத்த ஓர் அறையை யார் வேண்டுமானாலும் அமைக்கலாம். அந்தக் காண்டாவைத் தோளில் சுமந்த பாட்டியின் குரல் உங்களிடம் மட்டுமே கிடைக்கும். செபராங் பிறையில் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. ரப்பருக்கு முந்திய அந்தக் காலத்தைப் பலர் மறந்தே விட்டார்கள். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். நம் பெற்றோரின் துயரத்தை வேடிக்கைப் பொருளாக்கி, பால்மரம் சீவுவதுபோல் படம் எடுத்துக்கொள்ளும் இடமாக்கிவிடக் கூடாது. இன்று அதே தோட்டங்களில் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையும் அதே மண்ணின் கதைதான். அதற்கும் உங்கள் கொட்டகையில் இடம் இருக்கட்டும்.

வருபவர்கள் யார் என்று கேட்பீர்கள். வெளிநாட்டவரை எண்ணித் திட்டம் போட வேண்டாம். உங்கள் தோட்டத்தை விட்டு ஷா ஆலாமுக்கும் ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் ஆண்டுதோறும் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள் அல்லவா? அவர்கள்தான் உங்கள் முதல் விருந்தாளிகள். இன்று அவர்கள் பூசை முடிந்ததும் சுங்கை பட்டாணியிலோ பட்டர்வொர்த்திலோ விடுதி தேடிப் போய்விடுகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இரண்டு நாள் தங்கி, தாத்தா வெட்டிய நிரையை நடந்து பார்த்து, தோட்டத்துப் பெண்கள் சமைத்ததை உண்டு போகும்படி செய்தால், அதுவே போதுமான தொடக்கம். அடுத்ததாகத் தமிழ்ப்பள்ளிகளின் கல்விப் பயணங்கள்.

நடத்துவதற்குத் தனியார் நிறுவனம் வேண்டாம், கூட்டுறவாகச் செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நமக்கு இதில் முன்னோடி உண்டு. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவிட்டுப் போனபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளர்களின் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் மறு ஆண்டே வாங்கப்பட்டது. சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றோரம் பத்து பூத்தே கிராமத்தார் 2003-இல் கூட்டுறவு அமைத்து, விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்பி, படகுக்கும் வழிகாட்டிக்கும் சமையலுக்கும் வருமானத்தைப் பகிர்ந்து, அழிந்த காட்டையும் நட்டு வளர்க்கிறார்கள். முறைவைப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். தலைவர் வீட்டுக்கே எல்லா விருந்தாளியும் போன எத்தனையோ கிராமங்களில் இரண்டாம் ஆண்டே சண்டை வந்து எல்லாம் நின்றுபோனதை நான் அறிவேன். கேரளத்தின் குமரகத்தில் 2008 முதல், ஏரிக்கரை விடுதிகள் தங்களுக்கு வேண்டிய காய்கறியையும் முட்டையையும் மீனையும் அந்த ஊர்ப் பெண்கள் குழுக்களிடமே வாங்குவதற்கு ஏற்பாடு செய்தார்கள். தொடக்கத்தில் சரக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. யார் எதை எவ்வளவு பயிரிடுவது, என்ன விலை என்பதை முன்கூட்டியே பேசி முடித்த பிறகே அது நிலைத்தது. உங்கள் ஊரிலும் முதல் விருந்தாளி வருமுன் அந்தப் பேச்சு நடக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் சுற்றுலாத் துறையில் டிப்ளோமா முடித்திருக்கிறாள். கோலாலம்பூரில் ஹோட்டல் வேலை கிடைக்கிறது. அவளோ எங்கள் ஊரிலேயே வழிகாட்டியாக இருக்க விரும்புகிறாள். பெண்பிள்ளைக்கு அதில் எதிர்காலம் உண்டா?
– கோலா குபு பாருவிலிருந்து ஒரு தாய்

பதில்: உண்டு, அம்மா. மலை, ஆறு, அணை, பழைய கடைத்தெரு எல்லாம் அருகருகே உள்ள ஊர் உங்களுடையது. கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் வருபவர்களுக்குக் குறைவில்லை. வழி தெரிந்த, கதை தெரிந்த ஆள்தான் குறைவு.

வழிகாட்டிக்கு உரிமம் கட்டாயம். 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. நகரங்களையும் நாட்டையும் சுற்றிக் காட்டுவதற்கு நீல அட்டை, குறிப்பிட்ட ஓர் இயற்கை வட்டாரத்துக்குப் பச்சை அட்டை. உங்கள் மகளுக்குப் பச்சை அட்டையிலிருந்து தொடங்குவது பொருந்தும் என்று நினைக்கிறேன்; பயிற்சிக் காலமும் செலவும் குறைவு. ஹோட்டல் வேலையை அவள் ஓராண்டு செய்துவிட்டு வந்தாலும் நட்டமில்லை, விருந்தாளிகள் எதைக் கேட்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று அங்கே கற்றுக்கொள்வாள். ஆனால் திரும்பி வரும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு போகட்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் சரளமாகப் பேசக்கூடியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் மாண்டரினும் கற்றால் வார இறுதிகளில் அவளுக்கு ஓய்வே இருக்காது.

முதலுதவிப் பயிற்சியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மேல்மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஆற்றில் நீர் திடீரென்று உயரும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கியதும் எல்லாரையும் கரையேற்றிவிட வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பிள்ளை அறிவாள். அவளை நம்பித்தான் அந்நியர்கள் தங்கள் குழந்தைகளை ஆற்றில் இறக்குவார்கள்.